லாரி பறந்தால் சிரிக்கிறோம்... விஷத்தை வாயால் உறிஞ்சினால் ஏன் சிரிப்பதில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு நண்பர்களே. டீ குடிச்சிக்கிட்டே நிதானமா படிங்க.

தமிழ் சினிமாவின் சிறந்த விமர்சகர்கள் யார் என்று என்னைக் கேட்டால் பத்திரிகைக்காரர்களைச் சொல்ல மாட்டேன். காமெடியன்களைத்தான் சொல்வேன்.

பத்திரிகையில் மார்க் குறைத்துப் போட்டால் படம் எடுத்தவருக்குக் கோபம் வரும். அதே குறையை ஒரு காமெடியன் நடித்துக் காட்டினால் படம் எடுத்தவரே சிரித்துவிடுவார். சிரித்த பிறகு அதே மாதிரி காட்சியை இன்னொரு முறை எடுக்க அவருக்கே கை கூசும்.

இது இன்று நேற்று வந்ததல்ல.

நந்தனார் கதை நம் ஊரில் பலமுறை படமானது. 1942இல் ஜெமினி எடுத்த படம் அதில் பிரபலமானது. அதற்கு ஏழு வருடம் கழித்து 1949இல் 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தனோ ரயிலேறிப் பட்டணம் போய் படித்துப் பெரிய ஆளாகத் திரும்புகிறான். பாருங்க, ஊரே உருகிய கதையை எடுத்து, "இந்தப் பையனுக்குத் தேவை பள்ளிக்கூடம் இல்லையா?" என்று கேட்டுவிட்டார் மனுஷன். யாரையும் திட்டவில்லை. சிரிக்க வைத்தே கேட்டார்.

1964இல் 'காதலிக்க நேரமில்லை'. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பா டி.எஸ்.பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கதையில் ஒன்றுமே இருக்காது, சத்தம்தான் மொத்தமும். பாலையா நடுங்கிப் போவார். திகில் படங்கள் நம்மை எப்படிப் பயமுறுத்துகின்றன என்பதை அதைவிடச் சுருக்கமாக யார் சொன்னார்கள்?

பிறகு திண்டுக்கல் ஐ.லியோனியின் பட்டிமன்றங்கள். பழைய பாடல்களா, புதிய பாடல்களா என்று மேடை போட்டு சினிமாவை வாதாட வைத்தார். திருவிழாவில் பாயை விரித்து உட்கார்ந்து ஊரே கேட்டது.

2000களில் விஜய் டிவியில் 'லொள்ளு சபா'. ராம்பாலா இயக்கம். சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா. வாரம் ஒரு ஹிட் படத்தை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார்கள். 2010இல் சி.எஸ்.அமுதன், மிர்ச்சி சிவா கூட்டணியின் 'தமிழ்ப் படம்'. ஊர் பெயரே சினிமாபட்டி! ஒரே பாட்டில் ஹீரோ கோடீஸ்வரன் ஆகிவிடுவார். அதற்குப் பிறகு எந்தப் படத்திலாவது ஒரு பாட்டில் பணக்காரன் ஆனால் தியேட்டரிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது. இப்போது யூடியூபில் 'பரிதாபங்கள்' கோபி, சுதாகர் தொடங்கி எத்தனையோ பேர். கொண்டாடப்பட்ட படங்களை நாலு பேர் உட்கார்ந்து கலாய்த்து அலசும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை.

எங்களையும் விட்டுவைக்கவில்லை. 2004இல் வந்த 'வசூல்ராஜா எம்பிபிஎஸ்' முழுக்க டாக்டர்களைக் கேட்ட கேள்விதான். நோயாளியைப் பெட் நம்பராகப் பார்க்காதே, மனுஷனாகப் பார் என்று கிரேசி மோகன் வசனத்தில் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. இன்றைக்கும் வார்டில் ரவுண்ட்ஸ் போகும்போது நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமா, பெட் நம்பர் சொல்கிறோமா என்பதில் அந்தப் படம் ஞாபகம் வரத்தான் செய்கிறது.

ஆக, காமெடியன்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் ஒன்று சொல்ல வருகிறேன்.

அவர்கள் பிடிக்கும் தப்புகளைக் கவனித்துப் பாருங்கள்.

டாட்டா சுமோ பறக்கிறது. ஹீரோ ஒரு கையால் பத்து பேரை அடிக்கிறார். துப்பாக்கிக் குண்டு வளைந்து போகிறது. ஹீரோயின் தூங்கி எழுந்தாலும் மேக்கப் கலைவதில்லை.

இதெல்லாம் பொய் என்று நமக்கு முன்னாடியே தெரியும். தெரிந்ததால்தான் சிரிப்பு வருகிறது.

ஜோக் வேலை செய்யும் விதமே அதுதான். கேட்பவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். உண்மை தெரியாத இடத்தில் ஜோக் எடுபடாது. அதனால் காமெடியன்கள் எல்லோருக்கும் தெரிந்த பொய்யையே திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். எல்லோரும் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கும் பொய் தப்பித்துப் போய்விடுகிறது.

லாரி பறப்பதைப் பார்த்து லாரியைப் பறக்கவிட முயன்று அடிபட்டு என் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

பாம்பு கடித்த இடத்தில் வாய் வைத்து உறிஞ்சிவிட்டு வருகிறவர்கள் வருகிறார்கள்.

ஒரு நாள் இரவு டூட்டி. கடலைக்காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரை மூன்று பேர் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு வந்தார்கள். கணுக்காலுக்கு மேல் சணல் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. பாதம் நீலம் பாரித்து வீங்கியிருந்தது. கடிவாயில் பிளேடால் கீறிய தடம்.

"கீறுனது யாரு?"

கூட வந்த மச்சான் முன்னால் வந்தார். "நான்தான் சார். கீறி விஷத்தை உறிஞ்சித் துப்பிட்டேன் சார். மூணு தடவை."

"யாரு இப்படிச் செய்யச் சொன்னா?"

"படத்துல எல்லாம் அப்படித்தானே சார் செய்வாங்க..."

அவர் செய்தது அன்பினால். அதில் சந்தேகமே இல்லை. தன் உயிரைப் பணயம் வைத்துத்தான் வாய் வைத்தார். ஆனால் உள்ளே போன விஷம் உறிஞ்சினால் வெளியே வராது. கீறிய காயத்திலிருந்து ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. ரத்தத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்துப் பார்த்தோம். உறையவில்லை. கண்ணாடி விரியன் மாதிரியான பாம்பு கடித்தால் இப்படி ஆகும். ரத்தம் உறையாத உடம்பில் பிளேடால் கீறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நரம்பில் ஊசி போட்டு, விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கி, பிறகு கயிற்றைப் பக்குவமாகத் தளர்த்தினோம். நான் அந்த மச்சானிடம் விஷம் எப்படிப் பரவுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். தலையைத் தலையை ஆட்டினாரே தவிர ஒன்றும் ஏறியதாகத் தெரியவில்லை.

பக்கத்தில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த எங்கள் சீனியர் சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"தம்பி, படத்துல உறிஞ்சுனா அடுத்த சீன்ல டூயட்டு. இங்க உறிஞ்சுனா அடுத்த சீன்ல ஐசியூ. உங்களுக்கு எந்தப் படம் வேணும்?"

அவ்வளவு பயத்திலும் அந்த மனிதர் சிரித்துவிட்டார். படுத்திருந்தவரும் லேசாகச் சிரித்தார்.

ஆறாவது நாள் அவர் நல்லபடியாக வீட்டுக்குப் போனார். அதற்குள் அந்த 'டூயட்டு, ஐசியூ' வசனம் ஆண்கள் வார்டு முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரரின் சொந்தக்காரர் அதையே இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் காதால் கேட்டேன். என் பத்து நிமிட விளக்கத்தை ஒருவரும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த சிஸ்டர் செய்தது என்ன? முதலில் உண்மையைச் சொன்னார். அதையே ஜோக்காகச் சொன்னார். லாரி ஜோக்குக்கு உண்மை முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். இந்த ஜோக் உண்மையைத் தன்னோடு தூக்கிக்கொண்டு வந்தது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்தில். கீறுவது, கட்டுவது, உறிஞ்சுவது, மந்திரிப்பது என்று போகும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

சரி, சினிமாவில் வரும் எல்லா மருத்துவத் தப்பையும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டுமா? வேண்டாம்.

எமர்ஜென்சிக்கு ஒரே நேரத்தில் நிறைய பேர் வந்தால் நாங்கள் நிறம் பிரிப்போம். பச்சை என்றால் காத்திருக்கலாம். மஞ்சள் என்றால் சீக்கிரம் பார்க்கணும். சிவப்பு என்றால் இந்த நொடியே பார்க்கணும். சினிமாத் தப்புகளையும் அப்படிப் பிரிக்கலாம் என்பது என் யோசனை.

பச்சை

நாடியைப் பிடித்ததும் "நீங்க அப்பா ஆகப் போறீங்க" என்று சொல்லும் டாக்டர். தலைகீழாக மாட்டிய எக்ஸ்ரே. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் எரியும் சிவப்பு பல்பு. "எதுவா இருந்தாலும் 24 மணி நேரம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்."

இதனால் யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை. ஜாலியாகக் கலாய்த்துக்கொள்ளுங்கள். நாங்களும் சேர்ந்து சிரிக்கிறோம்.

மஞ்சள்

தலையில் அடிபட்டால் பழசு எல்லாம் மறந்துவிடும், இன்னொரு அடி பட்டால் திரும்பி வந்துவிடும் என்ற கதை. தலையில் அடுத்த அடி விழுந்தால் ஞாபகம் வராது, மூளையில் ரத்தக்கசிவுதான் வரும்.

இதில் ஒரு வேடிக்கை. ஞாபக மறதியை ஓரளவு சரியாகக் காட்டியது கண்ணீர்ப் படம் இல்லை, ஒரு காமெடிப் படம்! 2012இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. கிரிக்கெட் ஆடும்போது விழுந்து தலையில் அடிபட்ட விஜய் சேதுபதி, சமீபத்தில் நடந்ததை மறந்துவிட்டுக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜமாக நடந்த சம்பவம் அது. தலையில் அடிபட்டவர்கள் எங்கள் முன்னால் உட்கார்ந்து அப்படியேதான் கேட்பார்கள். ஆனால் நண்பர்களே, நிஜத்தில் அப்படி ஒருவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் விஷயத்தை மறைத்து மண்டபத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். சிடி ஸ்கேனுக்குக் கூட்டி வாருங்கள்.

அடுத்து மனநோய். 2005இல் 'அந்நியன்', 'சந்திரமுகி' இரண்டுமே வந்தன. கங்கா கட்டிலைத் தூக்கும் காட்சியைக் கலாய்க்காதவர்கள் இல்லை. ஆனால் ஒரே ஒரு கிளைமாக்ஸில் மனநோய் மொத்தமாகக் குணமாகிவிடுமா என்று யாரும் கலாய்த்து நான் பார்க்கவில்லை. நிஜத்தில் மனநோய்க்குச் சிகிச்சை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். "ரெண்டு வாரம் மாத்திரை போட்டும் சரியாகல சார், நிறுத்திட்டோம்" என்று வரும் குடும்பங்களின் மனதில் அந்தக் கிளைமாக்ஸ்தான் ஓடிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்குத் தோன்றும்.

சிவப்பு

இதுதான் முக்கியம். காமெடியன்கள் கையில் எடுக்க வேண்டிய பட்டியல்.

ஒன்று, பாம்புக்கடி. உறிஞ்சாதீர்கள், கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் நீங்களாகப் பட்டென்று அவிழ்க்காதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பாம்பை அடித்துக் கொண்டு வரவும் தேவையில்லை. கட்டுவிரியன் கடித்தால் வலியே இல்லாமலும் இருக்கும். தரையில் படுத்துத் தூங்கியவர் விடிகாலையில் வயிற்றுவலி, இமை தூக்க முடியவில்லை என்று சொன்னால் பாம்புக்கடியை நினையுங்கள்.

இரண்டு, வலிப்பு. கையில் சாவிக்கொத்து கொடுத்ததும் நின்றுவிடும் வலிப்பை எத்தனை படத்தில் பார்த்திருப்போம்! பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். அது நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருப்பதால் பேர் சாவிக்குப் போகிறது. சாவியைத் தேடும் நேரத்தில் அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் துணி, ஸ்பூன் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவமனை.

மூன்று, நின்றுபோன இதயம். திரையில் கோடு நேராகப் போகும். டாக்டர் இரண்டு இஸ்திரிப் பெட்டி மாதிரி எதையோ எடுத்து நெஞ்சில் வைப்பார். உடம்பு அரையடி துள்ளும். ஹீரோ கண் திறப்பார். நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை. இதயம் தாறுமாறாகத் துடித்துத் தடுமாறும்போதுதான் அது. நேர்கோடு என்றால் நெஞ்சை அழுத்துவதுதான் வழி. பக்கத்தில் ஒருவர் சுருண்டு விழுந்து மூச்சும் பேச்சும் இல்லையென்றால் 108க்குச் சொல்லிவிட்டு, நடுநெஞ்சில் இரண்டு கையை வைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். காதலியின் கண்ணீர்த் துளி கன்னத்தில் விழுந்து யாரும் எழுந்ததில்லை.

நான்கு, ரத்தம். 1977இல் வந்த 'அமர் அக்பர் ஆண்டனி' இந்திப் படத்தில் மூன்று மகன்கள் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டு தங்கள் அம்மாவுக்கு ரத்தம் கொடுப்பார்கள். ரத்தம் மேல்நோக்கி ஏறும். புவியீர்ப்பு விசை எங்கே போச்சு என்று இன்றுவரை சிரித்துத் தீரவில்லை. ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த ரத்தத்தைச் சோதித்தது யார்? எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனை முடியாமல் இன்று ரத்த வங்கியிலிருந்து ஒரு பை வெளியே வராது. "என் ரத்தத்தை அப்படியே அண்ணனுக்கு ஏத்துங்க சார், ஏன் லேட் பண்றீங்க" என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒன்று: நெருங்கிய சொந்தத்தின் ரத்தமே அரிதாகச் சிலருக்கு உயிருக்கு ஆபத்தாக முடியும். பாசம் வேறு, ரத்தப் பொருத்தம் வேறு.

ஐந்து, பிரசவம். 2012இல் வந்த 'நண்பன்' படத்தில் வாக்குவம் கிளீனரை வைத்துப் பிரசவம் பார்ப்பார்கள். மூலப்படமான '3 இடியட்ஸ்' படத்திலும் அதே. இன்ஜினியரிங் ஸ்டூடண்ட் பிரசவம் பார்க்கிறான் என்று சிரித்தோம். குழந்தை பிறந்ததோடு காட்சி முடிந்துவிடும். எங்களுக்கு அதற்குப் பிறகுதான் நெஞ்சு படபடக்கத் தொடங்கும். நஞ்சுக்கொடி வெளியே வரும் நேரத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் போனால் தாயைக் காப்பாற்ற நமக்கு இருப்பது மிகக் குறைந்த நேரம். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு பெண் ரத்தப்போக்கால் இறந்தார். அவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 'வீடியோ பார்த்தால் போதும்' என்ற தைரியம் எங்கிருந்தோ வருகிறது, அதைக் கேலி செய்ய ஆள் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள். "டாக்டர், அது வெறும் சினிமா. மூணு மணி நேரம் ஜாலியா பார்த்துட்டு வர்றதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு? படத்துல பார்த்ததை எல்லாம் மக்கள் அப்படியே செய்வாங்களா?"

நியாயமான கேள்வி. நிதானமாக இருக்கும்போது செய்ய மாட்டார்கள்தான்.

ஆனால் பாம்புக்கடியையோ வலிப்பையோ ஒரு சாதாரண மனிதர் வாழ்க்கையில் ஓரிரு முறை நேரில் பார்த்தாலே அதிகம். திரையில் ஐம்பது முறை பார்த்திருப்பார். கண் முன்னால் தங்கை விழுந்து துடிக்கும்போது யோசிக்க நேரம் கிடையாது. மனதில் முதலில் வந்து நிற்பது அந்த ஐம்பது முறை பார்த்ததுதான். அந்த நேரத்தில் நானோ நீங்களோ பக்கத்தில் இருக்கப் போவதில்லை.

1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. இஆர், சிகாகோ ஹோப், ரெஸ்க்யூ 911 என்ற அமெரிக்க டிவி தொடர்களில் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் காட்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 75 பேர் அந்த நேரத்தில் பிழைத்துக்கொண்டார்கள். நிஜத்தில் பிழைப்பவர்கள் அதைவிட மிகமிகக் குறைவு. டிவியில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து உட்கார்ந்தால், நிஜத்தில் அப்பா எழுந்திருக்கவில்லை என்றதும் மகனுக்கு என்ன தோன்றும்? "டாக்டர் சரியா பார்க்கல" என்றுதான் தோன்றும். எமர்ஜென்சி வாசலில் கண்ணாடி உடைவதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த எதிர்பார்ப்பும் அதில் ஒன்று.

இப்போது காமெடியன்களுக்கு இன்னொரு பக்கத்தையும் காட்ட வேண்டும். ஊர் படத்தை எல்லாம் அலசுகிறவர்கள் சொந்த வீட்டையும் ஒருமுறை அலசணும் இல்லையா?

1991இல் வந்த 'சின்ன தம்பி'யில் கவுண்டமணி சாருக்கு மாலைக்கண். அந்த காமெடியைப் பார்த்து நானும்தான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது பார்த்தால் அதில் ஒரு உண்மை இருப்பது தெரிகிறது. தன் குறை யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அந்த மனிதர் அத்தனை பாடுபடுகிறார். நிஜ வாழ்க்கையிலும் அதுவேதான் நடக்கிறது. கேலிக்குப் பயந்து மறைக்கிறார்கள். குழந்தைக்கு இருட்டினால் கண் தெரியவில்லை என்றால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம், மருந்து இருக்கிறது. அல்லது சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் அதிகம் தென்படும் விழித்திரை நோயாக இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லது. மறைத்தால் இரண்டுமே கை நழுவிப் போகும்.

அதேபோல 'கீழ்ப்பாக்கம்'. 1794இலிருந்து வரலாறு கொண்ட ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயர். நம் காமெடி அதைத் திட்டும் வார்த்தையாக்கிவிட்டது. "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்" என்றால் தியேட்டரே சிரிக்கும். நான் ஒரு நோயாளியின் அம்மாவிடம் "மனநல டாக்டர்கிட்ட எழுதித் தர்றேன்மா" என்று சொல்லும்போது அந்தச் சிரிப்புச் சத்தம்தான் அவர் காதில் விழுகிறது. "என் புள்ள பைத்தியம் இல்ல சார்" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் திரும்பி வரும்போது நோய் முற்றியிருந்தது.

காதில் குறை, திக்குவாய், உடல் பருமன் என்று பட்டியல் நீளும். இந்தத் தலைமுறை காமெடியன்கள் பலர் இதை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். சந்தோஷம். இனி பழைய காமெடி டிராக்குகளையும் அலசும் துணிச்சல் வரட்டும். லொள்ளு சபாவுக்கே ஒரு லொள்ளு சபா வேண்டும்!

சரி, என்ன செய்யலாம்? என் வேண்டுகோள் மூன்று பேருக்கு.

காமெடியன்களுக்கு: அடுத்த முறை ஒரு ஹிட் படத்தை உட்கார்ந்து அலசும்போது சிவப்புப் பட்டியலிலிருந்து ஒரே ஒரு காட்சியை எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பாடம் எடுக்க வேண்டாம், அதை நாங்களே சலிக்கச் சலிக்கச் செய்கிறோம். உங்கள் பாணியிலேயே கலாய்த்துவிட்டுப் போங்கள். பாட்டுக்குள் பணக்காரன் ஆவதைச் சிரிப்புக்கு இடமாக்கிய உங்களால் சாவிக்கொத்து வைத்தியத்தையும் ஆக்க முடியும்.

என் சக மருத்துவர்களுக்கு: ஓபியில் ஒரு நோயாளிக்கு நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதில் விரிவுரைக்கு இடமில்லை. ஒரு நல்ல வரி போதும். சிரித்துக்கொண்டே கேட்ட வரியை வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொல்வார்கள். ஆனால் நோயைப் பார்த்துச் சிரிக்கலாம், நோயாளியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

உங்களுக்கு: இந்தப் பதிவில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து டிவியில் படம் பார்க்கும்போது ஹீரோ குனிந்து ஹீரோயின் காலில் விஷத்தை உறிஞ்சுவார். லாரி பறந்தால் எப்படிச் சிரிப்பீர்களோ அப்படி, பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும்படி ஒரு சிரிப்பு சிரியுங்கள்.

பிள்ளை "ஏன் சிரிக்கிறீங்க?" என்று கேட்கும்.

சொல்லிவிடுங்கள்.



அரசு மருத்துவமனை மருத்துவர், எம்பிபிஎஸ்

அவசரத்துக்கு: ஆம்புலன்ஸ் 108. மனநல ஆலோசனைக்கு 14416, எந்த நேரமும், கட்டணம் இல்லை.